‘முதல்’ என்னும் அடை: நிலவுக்குத் திரும்பும் ஆர்வம் எப்போது தொடங்கியது?

நிலவுப் பயணங்களைப் பற்றிய மக்கள் மனநிலையை ஆராயப் புகுவோர் எவரும் ரோஜர் லானியஸைத் தவிர்த்துவிட முடியாது. 1990 முதல் 2002 வரை நாசாவின் தலைமை வரலாற்றாளராக இருந்த அவர், 2003இல் ‘ஸ்பேஸ் பாலிசி’ இதழில் எழுதிய கட்டுரை ஒரு பழைய நம்பிக்கையைத் தகர்த்தது. அறுபதுகளில் அமெரிக்க மக்கள் திரண்டு அப்போலோவின் பின்னால் நின்றார்கள் என்பதே அந்த நம்பிக்கை. அக்காலக் கருத்துக்கணிப்புகள் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் காட்டினார். விண்வெளிக்கு அரசு அளவுக்கு மீறிச் செலவிடுகிறது என்றவர்கள் 45 முதல் 60 விழுக்காடு வரை இருந்தனர். 1969 ஜூலையில், ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கிய அந்த மாதத்தில்கூட, செலவுக்கு ஏற்ற பலன் கிடைத்தது என்றவர்கள் 53 விழுக்காட்டினரே.

இந்த எண்களோடு எனக்கு வழக்கில்லை. அவற்றிலிருந்து லானியஸ் எடுத்துவைக்கும் அடுத்த அடியோடுதான் வழக்கு. அப்போலோ மக்களின் அன்பைப் பெற்றது என்று பின்னாளில் பலர் நம்புவதற்கு ஊடகங்கள் அதற்குக் கொடுத்த பெரும் இடமே காரணமாகலாம் என்கிறார் அவர். மக்கள் விண்வெளிப் பயணத்தைப் பொதுவாக விரும்பினார்கள், பணம் கொடுக்க மட்டும் தயங்கினார்கள் என்ற முரணையும் அவரே குறிப்பிடுகிறார். அதை மறைத்தார் என்று குறைசொல்ல முடியாது. ஆனால் குறிப்பிட்டதோடு நகர்ந்துவிடுகிறார். அவர் வழியைப் பின்பற்றினால், நிலவுக்குத் திரும்ப வேண்டும் என்ற இன்றைய ஆர்வம், நடவாத ஒரு பொற்காலத்தைப் பின்னோக்கிப் பார்க்கும் ஏக்கமாகிவிடும். அந்த ஆர்வம் அப்போலோ முடியும் முன்பே தொடங்கிவிட்டது என்பது என் வாதம்.

கணிப்பாளர்கள் கேட்டது எதை என்று முதலில் பார்க்க வேண்டும். ‘இவ்வளவு பணம் தகுமா?’ என்று கேட்டார்கள். அது வரவுசெலவுக் கேள்வி. 1966இல் கூட்டாட்சி வரவுசெலவுத் திட்டத்தில் நாசாவின் பங்கு ஏறத்தாழ 4.4 விழுக்காட்டை எட்டியிருந்தது. வியட்நாம் போரும் நகரங்களின் வறுமையும் அதே கணக்கில் கைநீட்டிக்கொண்டிருந்தன. ‘தகாது’ என்ற விடை அந்தக் கணக்கைப் பற்றியது. நிலவைப் பற்றி அது அதிகம் சொல்லவில்லை.

செலவுக்கு எதிர்ப்பும் பயணத்தின் மேல் பரிவும் ஒரே மனிதரிடம் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு 1969 ஜூலை 15 சான்று. அப்போலோ 11 புறப்படுவதற்கு முந்தைய நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபெர்நாதி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளையும் அழைத்துக்கொண்டு ஏவுதள வாசலுக்கு வந்தார். பசியோடு குழந்தைகள் இருக்கும் நாட்டில் இந்தச் செலவு எதற்கு என்று நாசா தலைவர் தாமஸ் பெய்னிடம் நேருக்கு நேர் கேட்டார். விண்வெளி வீரர்களின் நலனுக்காகத் தாம் வேண்டிக்கொள்வதாகவும் அவரிடமே சொன்னார். கருத்துக்கணிப்புத் தாளில் அபெர்நாதி ‘எதிர்ப்பு’ என்ற கட்டத்தில் விழுவார். அவருடைய வேண்டுதலை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

இந்த விடுபட்ட பகுதியைத் தேடும்போதுதான் ஒரு பொறிப்பு என்னை நிறுத்தியது. அப்போலோ 17 கலத்தின் இறங்குபகுதி ஏணியில் பொருத்தப்பட்டு, இன்றும் டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் நிற்கும் எஃகுத் தகடு அது. அப்போலோ 11 தகட்டைப் போலவே இதிலும் புவியின் இரு அரைக்கோளங்கள் உள்ளன. கூடுதலாக நடுவில் நிலவும் இடம்பெறுகிறது. கீழே அக்கலத்தின் வீரர்களான செர்னான், எவன்ஸ், ஷ்மிட் ஆகிய மூவரின் கையொப்பங்களும் குடியரசுத் தலைவர் நிக்சனின் கையொப்பமும். படங்களை விடச் சொற்களின் பாடபேதமே முக்கியம். 1969 தகடு, புவியிலிருந்து வந்த மனிதர்கள் இங்கே முதன்முதலில் காலடி வைத்ததாகச் சொல்கிறது. 1972 தகடு, மனிதன் நிலவில் தன் முதல் ஆய்வுகளை இங்கே நிறைவுசெய்ததாகச் சொல்கிறது.

‘முதல்’ இரண்டிலும் வருகிறது. அது நிற்கும் இடம் வேறு. 1969இல் அது ஒரே ஒரு செயலைத் தழுவி நிற்கிறது. ஒருமுறை நடந்தது இன்னொருமுறை முதன்முதலாக நடக்காது. 1972இல் அது ‘ஆய்வுகள்’ என்ற பன்மைப் பெயருக்கு அடை. ஆறு இறக்கங்களையும் ஒரு தொகுதியாகக் கட்டி, அதற்கு ‘முதல்’ என்று பெயரிடுகிறது. முதல் தொகுதி என்றாலே இரண்டாவதற்கு இடம் விட்டாயிற்று. பயணம் முடிவதை அறிவிக்க வந்த தகடு, திரும்பி வருவதையும் தன் இலக்கணத்திலேயே ஒளித்துவைத்திருக்கிறது.

ஓர் அடைமொழியின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். அது விடைபெறும்போது சொல்லும் உபசார வார்த்தையாகவும் இருக்கலாம். அதிகாரிகள் எழுதிய வாசகம் மக்கள் மனத்துக்குச் சான்றாகுமா என்ற ஐயமும் நியாயமானது. அப்போலோ 20 பயணம் 1970 ஜனவரியிலும், மேலும் இரண்டு பயணங்கள் அதே ஆண்டு செப்டம்பரிலும் கைவிடப்பட்டிருந்தன. 1972 டிசம்பர் 14 அறிக்கையில், இந்த நூற்றாண்டில் மனிதர் நிலவில் நடப்பது இதுவே கடைசி முறையாக இருக்கலாம் என்றார் நிக்சன். தகட்டில் ‘முதல்’ என்று கையொப்பமிட்டவரும் அறிக்கையில் ‘கடைசி’ என்றவரும் ஒருவரே. அறிக்கை பணத்தின் நிலையைச் சொன்னது. தகடு மக்களிடம் சொல்லத்தக்கது எது என்பதைக் காட்டியது. மக்கள் முன் ‘இனி இல்லை’ என்று பொறிக்க முடியாதபோது, கேட்பவர்களிடம் ஏதோ ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும். செர்னான் அந்த வாசகத்தை நேரலையில் படித்துக் காட்டினார்; திரும்பி வருவோம் என்றும் சொன்னார். அது ஹியூஸ்டன் கடிகாரப்படி 13ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிய நேரம். கிரீன்விச் கணக்கில் 14. தகட்டில் நாள் இல்லை, மாதமும் ஆண்டும் மட்டுமே உண்டு.

மக்கள் தரப்புச் சான்றாக நான் வைப்பது பான் ஆம் விமான நிறுவனத்தின் ‘முதல் நிலவுப் பயணங்கள்’ மன்ற அட்டை. எண்ணிட்ட அந்த அட்டையைப் பெறக் கட்டணம் இல்லை. சேவை தொடங்கும் நாள் இன்னும் தெரியவில்லை, கட்டணமும் முடிவாகவில்லை என்று உடன் வந்த கடிதமே ஒப்புக்கொண்டது. இருந்தும் 93,000க்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். மன்றத்தின் தோற்றத்துக்கு இரண்டு ஆண்டுகள் சொல்லப்படுகின்றன. ஆஸ்திரியப் பத்திரிகையாளர் ஒருவர் வியன்னாவில் நிலவுக்குப் பயணச்சீட்டு கேட்ட 1964 ஒன்று. அப்போலோ 8 நிலவைச் சுற்றி வந்த 1968 மற்றொன்று. முந்தையது ஒரு தனி மனிதரின் விண்ணப்பம், பிந்தையது மன்றம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உறுதியாகச் சாதிக்க மாட்டேன். பதிவு 1971 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இலவசமாகக் கிடைப்பதை வாங்குவது ஆதரவாகுமா என்று லானியஸ் தரப்பு கேட்டால், அது செலவுக்கான ஒப்புதல் அல்ல என்று ஒத்துக்கொள்வேன். நானும் அதைத்தான் சொல்லிவருகிறேன்.

பிந்தைய வரலாறு பலரும் அறிந்தது. 1989 ஜூலை 20 அன்று மூத்த புஷ் திரும்பப் போவோம் என்றார். ஐம்பதாயிரம் கோடி டாலர் என்ற மதிப்பீடு அதைச் சாய்த்தது. 2004இல் இளைய புஷ் 2020ஐக் குறித்தார். 2010இல் ஒபாமா, அங்கே ஏற்கெனவே போயிருக்கிறோம் என்று சொல்லி அதை விலக்கினார். 2017 டிசம்பரில் அத்திட்டம் மீண்டும் உயிர் பெற்று, 2019இல் ஆர்ட்டெமிஸ் ஆயிற்று. புஷ்கள் இருவர் காலத்திலும் அழைப்பு எளிதில் எழுந்தது, கணக்கு வந்ததும் சரிந்தது.

2023இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, மனிதரை நிலவுக்கு அனுப்புவதை நாசாவின் தலையாய பணி என்றவர்கள் 12 விழுக்காட்டினரே. புவியை மோதக்கூடிய சிறுகோள்களைக் கண்காணிப்பதைச் சொன்னவர்கள் 60 விழுக்காட்டினர். லானியஸ் இன்றும் வெல்கிறார் என்று தோன்றும். ஆனால் ஆர்ட்டெமிஸ் 2 பயணத்தில் பெயர் அனுப்ப நாசா அழைத்தபோது, பதிந்தவர்களுக்கு விமான நிலையத்தில் தருவதுபோல ஒரு போர்டிங் பாஸ் கிடைத்தது. பான் ஆம் அட்டையின் பேரப்பிள்ளை அது. அதற்கும் கட்டணம் இல்லை.

தமிழில் ‘முதல்’ என்றால் தொடக்கம்; வணிகர் வாயில் அது போட்ட பணம். கணிப்புகள் இரண்டாவது பொருளைத் துல்லியமாக அளந்தன. தகடு முதலாவது பொருளைச் சொன்னது. லானியஸ் திரட்டிய எண்கள் ‘நிறைவுசெய்தான்’ என்ற வினைக்கு வலுவான சான்று. அதன் பக்கத்தில் நிற்கும் அடையைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை.