ரெயில்ஸ் களஞ்சியத்துக்குள் புகுந்த கொமிற்

வெப்சைட் கட்டப் பழகின நாட்களில் எங்கட கணினிகளில் ‘இறுதி’, ‘இறுதி2’, ‘இதுதான் இறுதி’ என்று மூன்று கோப்புறைகள் இருந்தன. எது உண்மையான இறுதி என்று கட்டின எங்களுக்கே தெரியாது. இதுக்கு மருந்து வேர்ஷன் கொன்ரோல் என்று எல்லாரும் சொல்லித்தந்தார்கள். அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதைப் பிறகுதான், ஒரு பழைய கதையிலிருந்து, விளங்கிக்கொண்டோம்.

ரெயில்ஸ் 2004இல் வெளிவந்த வெப் பிரேம்வேர்க். முதலில் சப்வேர்ஷனில் இருந்த அதன் கோட், 2008 ஏப்ரலில் கிற்றுக்கு மாறி, அதே மாதம் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட கிற்ஹப்பில் குடியேறியது. கிற்ஹப்பும் ரெயில்ஸில் கட்டின தளந்தான். அதாவது ரெயில்ஸ் குடிபோன வீடே ரெயில்ஸால் கட்டினது.

2012 மார்ச்சில் எகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் ரெயில்ஸில் ஒரு பலவீனத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு படிவத்தோடு வருகிற எல்லாப் புலங்களையும், கட்டுபவர் தடுக்காவிட்டால், ரெயில்ஸ் அப்படியே டேட்டாபேஸில் எழுதிவிடும். படிவத்தில் கேட்காத புலத்தைக்கூட. அதைத் தடுப்பது கட்டுபவரின் பொறுப்பு என்று பதில் வந்தது. மார்ச் 4 அன்று அவர் கிற்ஹப்பில் தன் பொதுச்சாவியைப் பதியும் படிவத்தில் உரிமையாளர் எண்ணை மாற்றி அனுப்பினார். சாவி ரெயில்ஸ் குழுவின் பெயரில் பதிவானது. பிறகென்ன, ரெயில்ஸின் பிரதான கிளைக்குள்ளேயே சின்னக் கோப்பு ஒன்றைப் போட்டுவிட்டார்.

கிற்ஹப் ஒரு மணித்தியாலமளவில் ஓட்டையை அடைத்தது. அவரின் கணக்கை முடக்கி, பின் திருப்பிக் கொடுத்தது. ரெயில்ஸும் 2013இல் வந்த 4ஆம் பதிப்பில், கட்டுபவர் பெயர் சொல்லி அனுமதித்த புலங்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று மாற்றியது.

கிற் அவரைத் தடுக்கவில்லை. யார் உள்ளே வரலாம் என்று பார்ப்பது அதன் வேலையே இல்லை. ஆனால் வந்தவர் செய்தது எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒரு கொமிற்றாகக் கிடந்தது. ஒவ்வொரு கொமிற்றின் அடையாளமும் அதன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்திய கொமிற்றின் அடையாளத்திலிருந்தும் கணிக்கப்படுவது. பழைய வரியொன்றில் கைவைத்தால் அதுக்குப் பின்னால் வருகிற அடையாளங்கள் எல்லாம் மாறிப்போகும். பிரதி வைத்திருப்பவர்களிடம் பிடிபடும். அவரால் கோப்பைச் சேர்க்க முடிந்தது, பழையதைச் சத்தமில்லாமல் திருத்த ஏலாது.

இந்த ஞாபகசக்திதான் எங்கட நண்பன் ஒருவனுக்கு வினையானது. டேட்டாபேஸ் கடவுச்சொல் இருந்த கோப்பைத் தெரியாமல் கொமிற் பண்ணி, அடுத்த நாள் அழித்துவிட்டு நிம்மதியாய் இருந்தான். கோப்பு போய்விட்டது, வரலாற்றுக்குள் கடவுச்சொல் அப்படியே கிடந்தது. கடைசியில் கடவுச்சொல்லையே மாற்றவேண்டி வந்தது.