சக்கரம் சொன்ன கணக்கு

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அவ்வளைவுகள் முடியுமிடத்தில் சோளக்காடு என்னும் சிற்றூர் இருக்கிறது. பலாவும் வாழையும் மிளகும் வந்து குவியும் சந்தை அவ்வூருக்குப் பெருமை. சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சந்தையருகே எனக்கு ஒரு வழக்கு வாய்த்தது.

அறப்பளீசுவரர் கோயிலுக்குச் சென்று மீளும்போது, செம்மேட்டைக் கடந்ததும் எங்கள் வாடகை அம்பாசிடர் கார் நின்றுவிட்டது. ஜீப் ஒன்று கயிறு கட்டிச் சோளக்காடுவரை இழுத்து வந்தது. இறங்கியதும் ஓட்டுநர் மீட்டரைப் பார்த்து முகம் வாடினார். எஞ்சின் ஓடாமலே நாலைந்து கிலோமீட்டர் ஏறியிருந்தது. "முதலாளி மீட்டரையும் டீசலையும் ஒத்துப் பார்ப்பார் ஐயா. கணக்கு இடித்தால் என் கூலியில்தான் பிடிப்பார்" என்றார்.

இழுத்துச் செல்லப்படும் வண்டிக்கு மீட்டர் ஏறலாமா? வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கேள்வியே தலைகீழாகத் தோன்றும். தொலைவளக்கும் சக்கரங்கள் யாவும் தொடக்கத்தில் பிறரால் இழுக்கப்பட்டவையே. கி.மு. முதல் நூற்றாண்டினரான ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரிக்கிறார். அதன் சக்கரம் 400 முறை சுழன்றால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். மைல்தோறும் ஒரு கூழாங்கல் பாத்திரத்தில் விழும். சீனத்தில் இத்தகைய வண்டியின்மேல் மரப்பாவை நின்று முரசடித்தது. இழுப்பது குதிரையா மனிதனா என்று எந்தச் சக்கரமும் கேட்டதில்லை.

நம் நாட்டிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் அளவையாளர்கள் 'பெராம்புலேட்டர்' என்ற கைச்சக்கரத்தை வழிநெடுக உருட்டிச் சென்றனர். சென்னையில் 1794இல் தோன்றிய நில அளவைப் பள்ளியே பின்னாளில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். எனினும் 1802இல் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்த வில்லியம் லாம்டன் சக்கரத்தை நம்பாமல் எஃகுச் சங்கிலியைக் கொண்டார். மேடு பள்ளம், வளைவு நெளிவு அனைத்தையும் சக்கரம் கூட்டிக்கொள்ளும் அல்லவா? காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்குப் பறவை பறக்கும் தொலைவு வேறு, மீட்டர் காட்டும் தொலைவு வேறு.

எஞ்சினும் சக்கரமும் ஓருடலான பிறகே நம் ஐயம் பிறந்தது. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே 1902இல் வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். வளையும் கம்பி ஒன்று சுழற்சியை ஓட்டுநர் கண்ணெதிரே கொண்டுவரும் முறை பரவியது. 1957 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரின் பழைய வண்டிகளில் அக்கம்பி கியர்ப்பெட்டியின் பின்முனையிலிருந்து புறப்படும். கியரை நியூட்ரலில் வைத்தாலும், பின்சக்கரம் உருண்டால் நடுத்தண்டு சுழலும். தண்டு சுழன்றால் கம்பியும் சுழலும். பின்சக்கரங்களைத் தூக்கிக் கட்டி இழுத்திருந்தால் ஓர் எண்கூட நகர்ந்திராது. பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கம்பி முன்சக்கரத்தில் இருப்பதால், கையால் தள்ளினாலும் கணக்கு ஏறும். இக்கால மின்னணு மீட்டர்களோ பெரும்பாலும் சாவியைத் திருப்பி மின்சாரம் கொடுத்தால்தான் எண்ணும்.

இவ்வளவையும் சந்தையோரத் தேநீர்க் கடையில் ஓட்டுநருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "முதலாளி இதைக் கேட்க வேண்டுமே!" என்றார். நியாயந்தான்.

நல்லவேளையாக, கார் நின்ற இடத்திலேயே மீட்டர் எண்ணைத் தம் குறிப்பேட்டில் அவர் எழுதி வைத்திருந்தார். அதன்கீழே சோளக்காட்டில் கண்ட எண்ணையும் நான் எழுதி, இடைப்பட்ட தொலைவு கயிற்றால் இழுக்கப்பட்டது என்று குறித்துக் கையெழுத்திட்டேன். ஜீப்காரரும் தம் பெயரை எழுதினார். மறுவாரம் ஓட்டுநரிடமிருந்து தகவல் வந்தது: கூலி முழுதாகக் கிடைத்துவிட்டதாம்.