ஜெயித்தது மூளையா, கட்டைவிரலா?

மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் போன் செய்து, "தம்பி, ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதிடாதே. ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்தாச்சு. உருப்படியா ஏதாவது சரித்திரம் எழுது" என்றார். சோழர் காலம் அளவுக்கெல்லாம் எனக்குச் சரித்திரம் தெரியாது. எனக்குத் தெரிந்த சரித்திரம் 2011 பிப்ரவரி 14, 15, 16 தேதிகளில் அமெரிக்க டி.வி.யில் நடந்தது. அப்போது நான் மூன்றாம் ஆண்டு. அதை வைத்து நானும் என் ரூம்மேட்டும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை என்பது எங்கள் பிளாக் நண்பர்களுக்கு நினைவிருக்கும்.

'ஜெப்பர்டி' 1964-ல் தொடங்கிய விநாடி வினா நிகழ்ச்சி. அதில் எல்லாம் தலைகீழ். தொகுப்பாளர் குறிப்பைச் சொல்வார். போட்டியாளர் பதிலைக் கேள்வி வடிவில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பணம் ஏறும், தப்பாகச் சொன்னால் அதே அளவு இறங்கும். இந்த இறங்குகிற விதியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2004-ல் கென் ஜென்னிங்ஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமர் இதில் தொடர்ந்து 74 ஆட்டங்கள் ஜெயித்தார். அந்தச் சமயம் ஐ.பி.எம். ஆராய்ச்சிப் பிரிவின் மேலாளர் ஒருவர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். திடீரென்று மற்ற மேஜைக்காரர்கள் எல்லாரும் எழுந்து டி.வி. இருக்கும் பக்கம் போய்விட்டார்கள், ஜென்னிங்ஸைப் பார்க்க. 1997-ல் செஸ்ஸில் காஸ்பரோவைத் தங்கள் மெஷின் ஜெயித்த பிறகு, அடுத்து என்ன என்று அந்தக் கம்பெனி தேடிக்கொண்டிருந்த காலம். அவருக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

செஸ் கட்டத்துக்குள் அடங்கும். பேச்சு மொழி அடங்காது. டேவிட் ஃபெருச்சி தலைமையிலான குழு ஆரம்பத்தில் தங்களிடமிருந்த புரோகிராமுக்குப் பழைய நிகழ்ச்சிகளின் 500 குறிப்புகளைக் கொடுத்துப் பார்த்தது. சுமார் 15 சதவீதம்தான் தேறியது. நம் முதல் செமஸ்டர் மேத்ஸ் மாதிரி! அதோடு, ஒரே பிராசஸரில் ஓடவிட்டால் ஒரு கேள்விக்கு இரண்டு மணி நேரம் ஆனது. சும்மா சொல்லக்கூடாது, அசராமல் உழைத்தார்கள். கடைசியில் 90 சர்வர்கள், 2,880 பிராசஸர் கோர்கள், ஏறக்குறைய 20 கோடிப் பக்கங்கள் அளவுக்கான செய்திகள். இன்டர்நெட் தொடர்பு கிடையாது. மூன்று விநாடியில் பதில். கம்பெனியை வளர்த்த தாமஸ் வாட்சனின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

எதிரே ஜென்னிங்ஸ், கூடவே பிராட் ரட்டர். ரட்டர் அதுவரை எந்த மனிதரிடமும் இந்த ஆட்டத்தில் தோற்றதில்லை. ஜென்னிங்ஸையே 2005-ல் ஜெயித்தவர். மெஷினை ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போக முடியாது என்பதால் நியூயார்க் மாநிலத்தில் யார்க்டவுன் ஹைட்ஸ் ஆராய்ச்சிக்கூடத்திலேயே செட் போட்டு ஜனவரியில் படம்பிடித்தார்கள். தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக். நடுவில் வாட்சனுக்குப் பதில் ஒரு திரை, அதில் ஒரு உருண்டை. நிஜ வாட்சன் வேறு அறையில் குளிர்காற்றில் இருந்தது.

முதல் நாள் முடிவில் வாட்சனும் ரட்டரும் 5,000 டாலரில் சமம். அன்றைக்கே ஒரு வேடிக்கை. ஒரு கேள்விக்கு ஜென்னிங்ஸ் '1920கள்' என்று சொல்லித் தப்பாகிவிட்டது. அடுத்து வாய்ப்புக் கிடைத்த வாட்சனும் அதே '1920கள்'! அதற்குக் காது கிடையாது. கேள்வி அதற்கு எழுத்தாகத்தான் போகும். பக்கத்தில் நிற்பவர் என்ன சொன்னார் என்று தெரியாது.

இரண்டாம் நாள் வாட்சன் துவைத்துப் போட்டது. ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது அன்றைய கடைசிக் கேள்விதான். தலைப்பு 'அமெரிக்க நகரங்கள்'. பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப்போர் வீரர் பெயர், இரண்டாவது நிலையத்துக்கு அந்தப் போரின் ஒரு சண்டையின் பெயர், எந்த ஊர்? சிகாகோ. மனிதர்கள் இருவரும் சரியாக எழுதினார்கள். வாட்சன், 'டொராண்டோ' என்று கனடா நாட்டு நகரத்தைப் போட்டு, பக்கத்தில் ஐந்து கேள்விக்குறி! ஊரே சிரித்தது. ஹாஸ்டலில் நான் ஒருவன்தான் சிரிக்கவில்லை, நான் மெஷின் கட்சி.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த நிகழ்ச்சியில் தலைப்பை அப்படியே நம்பினால் பல தடவை கவிழ்ந்துபோகலாம் என்று வாட்சன் பழைய ஆட்டங்களிலிருந்து கற்றிருந்தது. அதனால் தலைப்புக்கு மதிப்புக் குறைவாகப் போட்டது. அது தப்பு. ஆனால் டொராண்டோ மேல் அதற்கு நம்பிக்கை இருந்ததா? இல்லை. நம்பிக்கை அளவு 14 சதவீதம்தான், சிகாகோ அதற்கு அடுத்து. சாதாரணக் கேள்வியாக இருந்திருந்தால் வாட்சன் பஸ்ஸரையே தொட்டிருக்காது. கடைசிக் கேள்வியில் எல்லாரும் எழுதியே ஆகவேண்டும் என்பதால் எழுதியது. பந்தயம் கட்டியதோ வெறும் 947 டாலர், கையில் இருந்தது 36,681. தனக்குத் தெரியாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது! என்னைக் கேட்டால் அந்த 2,880 கோர்களின் சாதனை இதுதான். பதில் கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட்டு, தேறாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பது மீதிப் பாதி.

என் ரூம்மேட் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "டேய், அது கட்டைவிரல்ல ஜெயிச்சுதுடா. மூளையில இல்ல" என்பான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ட்ரெபெக் படித்து முடித்ததும் விளக்கு எரியும். அதற்கு முன் அழுத்தினால் கால் விநாடி பஸ்ஸர் பூட்டிக்கொள்ளும். மனிதர்கள் அவர் குரலை வைத்துக் குத்துமதிப்பாக அழுத்துவார்கள். வாட்சனுக்கோ மின்சிக்னல், பட்டனை அழுத்த ஒரு சாலினாய்டு. விடை தெரிந்தும் ஜென்னிங்ஸ் பட்டனை அழுத்தி அழுத்தித் தவித்தது திரையிலேயே தெரியும். கேள்வி குட்டியாக வந்த இடங்களில் வாட்சனுக்கு யோசிக்க நேரம் போதாமல் மனிதர்கள் முந்தியதும் உண்மை.

மூன்றாம் நாள், இரண்டாவது ஆட்டம். முதல் சுற்றில் ஜென்னிங்ஸ்தான் முன்னால். கடைசிக் கேள்விக்கு வரும்போது வாட்சன் 23,440, ஜென்னிங்ஸ் 18,200. வில்லியம் வில்கின்சன் எழுதிய வலாக்கியா, மால்டேவியா பற்றிய நூல் எந்த எழுத்தாளரின் பிரபல நாவலுக்குத் தூண்டுதல்? 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர். மூவரும் சரி. வாட்சன் 17,973 கட்டியிருந்தது. ஜென்னிங்ஸ் கட்டியது 1,000 மட்டும். இரண்டு நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்து, ஜெயிக்க முடியாது, ரட்டரிடம் இரண்டாமிடத்தை விடாமல் இருந்தால் போதும் என்று முடிவு செய்த கணக்கு அது. விடைக்குக் கீழே, புது எஜமானர்களான கம்ப்யூட்டர்களை வரவேற்கிறேன் என்று கிண்டலாக எழுதியும் வைத்தார். மொத்தம்: வாட்சன் 77,147, ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600. வாட்சனின் பத்து லட்சம் டாலர் பரிசு தர்ம காரியங்களுக்குப் போனது.

பிற்பாடு வாட்சனை மருத்துவத்துக்கு அனுப்பினார்கள். நோயாளியின் கேஸ் ஷீட் டி.வி. கேள்வி மாதிரி ஒழுங்காக இருக்காதே! எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, 2022-ல் அந்தப் பிரிவை விற்பதாக அறிவித்தார்கள். ட்ரெபெக் 2020-ல் காலமானார். அவருக்குப் பிறகு அந்த மேடையில் தொகுப்பாளராக நின்றவர்களில் ஜென்னிங்ஸும் ஒருவர்.

என் ரூம்மேட்டிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அந்த வருஷமே கல்லூரிகளுக்கு இடையிலான விநாடி வினா பைனலில், ஐந்து பாயின்ட் முன்னணியில் இருந்தபோது, கேள்வி முடியும் முன்னே பஸ்ஸரை அழுத்தித் தப்புப் பதில் சொன்னவன் நான். மைனஸ் பத்து, கோப்பை போச்சு. அவனுக்கு விடை தெரியும், என் கையைப் பிடிக்கவும் வந்தான், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 14 சதவீதம்கூட இருந்திருக்காது என் நம்பிக்கை. அவன் இதுவரை ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை.

ரீயூனியனுக்கு அவனும் வருகிறானாம். ஈ.சி. டிபார்ட்மென்ட் பையன்கள் செய்து கொடுத்த அந்தப் பழைய பஸ்ஸர் பெட்டி அவன் வீட்டுப் பரணில்தான் இருக்கிறதாம். எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.