கோடுகளில் அசையும் கடல்

விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்திலிருந்து கிழக்கே செல்லும் சாலை மரக்காணத்தை அடைகிறது. அங்கே உப்பளப் பாத்திகளின் வரப்புகள் நேர்கோடுகளாய் நீள்கின்றன. இடையே தேங்கிய உவர்நீரில் காற்றும் வெயிலும் கணந்தோறும் புதுக் கோடுகளை இழைக்கின்றன. உருவம் ஏதுமற்ற இக்காட்சி ஓவியமாகுமா? ஆகும் என்பதற்கு ஒரு முஸ்லிம் பெண்மணியின் கலைவாழ்வு சான்றாக நிற்கிறது.

நஸ்ரீன் முஹம்மதி 1937இல் கராச்சியில் பிறந்து மும்பையில் வளர்ந்தவர். 1954 முதல் 1957 வரை இலண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியிலும், பின்னர் பாரிசிலும் பயின்றார். 1972 முதல் பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் நுண்கலை ஆசிரியராக விளங்கினார். தொடக்கத்தில் வண்ணங்களைக் கையாண்ட அவர், எழுபதுகளில் அவற்றைத் துறந்து, கட்டடக் கலைஞரின் வரைகருவிகளைக் கொண்டு பென்சிலாலும் மையாலும் நுண்ணிய கோடுகளை வரையலானார். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்போ ஆண்டோ இடவில்லை.

அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு ஒப்பிட்டு, இவரை மேலை அரூப ஓவியத்தின் நிழலாகக் கருதுவோர் உளர். ஆயின், அவர் தம் வாழ்நாளில் காட்சிக்கு வைக்காத புகைப்படங்களை நோக்குங்கால் வேறோர் உண்மை நமக்குப் புலப்படுகிறது. கடற்கரை, பாலைநிலம், சாலைக்கோடுகள், ஃபதேபூர் சிக்ரியின் கல்தளம் ஆகியவற்றையே அவர் கண்கள் நாடின. அலையின் அசைவையும் ஒளியின் நகர்வையும் உற்றுநோக்கியே அவர் கோட்டை வந்தடைந்தார்.

இஸ்லாமியக் கலை உருவத் தடையால் மட்டுமே விளைந்தது என்னும் கூற்றும் இவர்முன் வலுவிழக்கிறது. படைப்பில் அமைந்த ஒழுங்கைத் தேடும் பார்வையும் அக்கலையின் ஊற்றன்றோ!

இறுதி ஆண்டுகளில் நரம்பு நோய் அவருடைய உடலசைவைக் குலைத்தது; கோடுகளின் துல்லியமோ குலையவில்லை. 1990இல் மும்பைக்கு அண்மையிலுள்ள கிஹிமில் காலமானார். கால்நூற்றாண்டுக்குப் பின், 2015இல் மாட்ரிட் ரெய்னா சோபியா அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் திரட்டிக் காட்சிப்படுத்தியது. 2016 மார்ச்சில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் மெட் பிராயர் கிளையைத் திறந்தபோது, 130க்கு மேற்பட்ட அவருடைய ஆக்கங்கள் தொடக்கக் கண்காட்சியில் இடம்பெற்றன.

உலகம் போற்றிய இவரை நாம் மறத்தல் தகாது. இஸ்லாமியக் கலை என்றதும் மினாராவோடும் எழுத்தணியோடும் நின்றுவிடாமல், இவர் பெயரையும் நம் மாணவியருக்குச் சொல்வோமாக.