நாகசுரப் பயிற்சி

நாகசுரப் பயிற்சி என்பது நாகசுரம் என்னும் துளைக்கருவியைக் கற்கும் முறையையும், கற்றபின் மூச்சும் விரலும் தளராமல் காக்கும் சாதகத்தையும் குறிக்கும். இக்கருவியை நாதசுரம் என்றும், பேச்சு வழக்கில் நாயனம் என்றும் சொல்வர். தவிலோடு சேர்ந்து பெரிய மேளம் எனப்படும் இக்கலை கோயில் பணியையும் மங்கல நிகழ்ச்சிகளையும் சார்ந்து வளர்ந்தது. ஆகவே இதன் பயிற்சியும் நெடுங்காலம் ஏட்டில் எழுதப்படாமல், குருவின் வீட்டிலும் சாமி புறப்பாட்டிலும் நடந்தது. பாட்டு முதலில், மூச்சு அடுத்து, விரல் அதன் பிறகு என்பது மரபு வகுத்த வரிசை.

கருவி

நாகசுரத்தின் உடல் உலவு எனப்படும். ஆச்சா மரத்தைக் கடைந்து இதைச் செய்வர். பழைய வீடுகளிலிருந்து எடுத்த, நன்கு காய்ந்த மரமே விரும்பப்படுகிறது. அடியில் விரிந்திருப்பது அணசு. மேலே பொருந்தும் உலோகக் குழல் கெண்டை. அதன் நுனியில் நாணல் தட்டையால் செய்த சீவாளி செருகப்படும். விரல் வைக்கும் துளைகள் 7. அவற்றுக்குக் கீழே மேலும் 5 துளைகள் உண்டு. அவற்றில் சிலவற்றை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வர். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை இக்கருவி செய்வதற்குப் பெயர்பெற்றது. நரசிங்கம்பேட்டை நாதசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது.

முன்பு வழக்கிலிருந்த திமிரி நாகசுரம் நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தைப் பரவலாக்கினார். அவருக்காக அதை உருவாக்கியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. பாரியில் நாதம் கனிந்து வரும். துளைகளுக்கிடையே தொலைவு கூடுவதால் விரல்கள் அதிகம் விரிய வேண்டும். கருவி மாறியபோது பயிற்சியும் மாற வேண்டியதாயிற்று.

மூச்சும் உதடும்

மேலைநாட்டு ஊதுகருவியான டிரம்பெட்டோடு ஒப்பிட்டால் நாகசுரத்தின் இயல்பு விளங்கும். டிரம்பெட்டில் வாசிப்பவரின் உதடே அதிர்ந்து ஒலியைப் பிறப்பிக்கிறது. நாகசுரத்தில் அதிர்வது சீவாளி. உதடு அதை அணைத்து, அழுத்தி, தளர்த்தி ஆள்கிறது. இரண்டுக்கும் பொதுவான முதல் பாடம் நீண்ட ஒலி: ஒரே சுரத்தை ஏற்ற இறக்கமின்றி, நடுக்கமின்றி, மூச்சு தீரும்வரை நிறுத்துவது. காற்று தொண்டையிலிருந்து பிடுங்கப்படாமல் அடிவயிற்றின் தாங்கலோடு வரவேண்டும். தொடக்கத்திலேயே வேகத்துக்கு ஆசைப்படும் மாணவருக்கு ஒலி மெலிந்து, மேல் ஸ்தாயியில் கீச்சிடும். ஆசிரியர்கள் பொதுவாகத் தடுத்து நிறுத்துவது இந்த அவசரத்தைத்தான்.

டிரம்பெட்டுக்கு மூன்று வால்வுகள் உண்டு. நாகசுரத்தில் அப்படிப்பட்ட பொறி எதுவும் இல்லை. 7 துளைகளைக் கொண்டு 12 சுரஸ்தானங்களையும் அவற்றுக்கிடையே நெளியும் கமகங்களையும் பிறப்பிக்க வேண்டும். துளையை அரையாகவோ காலாகவோ மூடுவதாலும், சீவாளி மேல் உதட்டின் அழுத்தத்தையும் காற்றின் வேகத்தையும் மாற்றுவதாலும் இது நிகழ்கிறது. ஒரே துளையில் வெவ்வேறு சுரங்கள் பிறக்கக்கூடும் என்பதால் விரலை மட்டும் நம்பி இக்கருவியை வாசிக்க முடியாது. எந்தச் சுரம் வரவேண்டும் என்று காது முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வாய்ப்பாட்டை முதலில் வைத்த மரபின் காரணம் இதுவே.

சீவாளியைப் பேணுவதும் பயிற்சியின் பகுதி. காய்ந்த சீவாளி பேசாது. வாயில் ஈரப்படுத்தி, இதழ்களின் இடைவெளியைச் சரிசெய்த பிறகே வாசிக்கத் தொடங்குவர். வெயிலும் பனியும் அதை மாற்றிவிடும். அதனால்தான் கலைஞரின் கருவியில் மாற்றுச் சீவாளிகளும், அவற்றைச் சரிசெய்யும் சிறு குச்சியும் நூலில் கோத்துத் தொங்குகின்றன.

தொடக்கப் பாடங்கள்

மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றை மாணவர் முதலில் வாயால் பாடுவார். பிறகு கருவியில் மூன்று காலங்களில் வாசிப்பார். கீதம், வர்ணம், கீர்த்தனை என்று பாடம் வளரும். ராஜரத்தினம் பிள்ளையே திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டுக் கற்றவர். தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்த அவருடைய வாசிப்பில் பாடகரின் மூச்சு கேட்பதற்கு இப்பயிற்சியே அடிப்படை.

விடியற்கால சாதகம் மரபில் வலியுறுத்தப்படுவது. பெருத்த ஓசையுடைய கருவி என்பதால் தோப்பும் ஆற்றங்கரையும் கோயில் மண்டபமும் சாதகத்துக்கு ஏற்ற இடங்களாக இருந்தன. திறந்த வெளியில் எதிரொலி திரும்பி வந்து உதவாது. தன் நாதத்தின் குறை வாசிப்பவருக்கே தெளிவாகக் கேட்கும்.

நாக்கும் விரலும்

வாசிப்பில் மூன்று உத்திகளைப் பிரித்துக் கற்பிப்பர். சீவாளியில் நாக்கைத் தட்டிச் சுரங்களை அறுத்து ஒலிப்பது துத்துகாரம். நாக்கைப் பயன்படுத்தாமல் காற்றை இழையவிட்டுச் சுரங்களைத் தொடுப்பது அகாரம். விரல்களின் அடியால் மட்டும் சுரங்களைத் தெளித்துக் காட்டுவது விரலடி. ஆலாபனையில் இம்மூன்றும் கலந்து வரும். ஒன்றை மட்டும் நம்பிய வாசிப்பு விரைவில் சலிக்கும்.

பிரான்ஸ் நாட்டுக் கார்னெட் கலைஞர் ழான்-பத்தீஸ்த் ஆர்பான் 1864-இல் வெளியிட்ட பயிற்சி நூல் இன்றும் டிரம்பெட் மாணவரின் கையேடாக உள்ளது. அதில் நாக்குப் பயிற்சிக்குரிய அசை ‘து’. வேகம் கூடும்போது ‘து-கு’. துத்துகாரம் என்ற பெயரிலும் அதே அசை இருக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகளை மனித வாயின் அமைப்பே ஒரே இடத்துக்குக் கொண்டு சேர்த்திருக்கிறது.

ஒத்து: முதல் வகுப்பறை

விரல் துளையில்லாத, ஆதார சுருதியை மட்டும் தொடர்ந்து ஒலிக்கும் குழல் ஒத்து. சொந்தக் கருத்தின்றிப் பிறரை வழிமொழிபவரை ‘ஒத்து ஊதுகிறவர்’ என்று இகழ்வது வழக்கு. பயிற்சியிலோ ஒத்துக்கு மதிப்புமிக்க இடம் இருந்தது. இளம் சீடர்கள் பலர் ஒத்து ஊதியும் தாளம் போட்டும் மேளத்துக்குள் நுழைந்தனர். ஒத்து நிற்கக் கூடாது. ஆகவே கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கும் வித்தை முதலில் கைவரும். அதோடு, குருவின் வாசிப்பு முழுவதையும் பக்கத்தில் நின்று கேட்கும் வாய்ப்பும் கிடைக்கும். சுருதி, மூச்சு, கேள்வி ஞானம் மூன்றையும் ஒரே வேலை கற்பித்தது. பின்னர் தம்புராவும் சுருதிப் பெட்டியும் ஒத்தின் இடத்தைப் பிடித்தன. சுருதிக்கு மாற்றுக் கிடைத்தது. சீடருக்கு மேளத்தில் இருந்த நிலையான இடம் போயிற்று.

பணியில் கற்பது

சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி பெரும்பாலும் கம்பீரநாட்டையில் அமைவது. அதற்குப் பாடல் வரி இல்லை. அதைப் பல காலங்களில் வாசிப்பதற்கு லயக் கட்டுப்பாடு வேண்டும். தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி என்று சடங்குக்கேற்ப வகைகள் உண்டு. விடியலில் பூபாளம், பள்ளியறையில் நீலாம்பரி என்று பொழுதுக்குரிய ராகங்களையும் மாணவர் பணியோடு பணியாகக் கற்பார். நடந்துகொண்டே, கூட்டத்தின் நடுவே, தவிலின் முழக்கத்துக்கு ஈடுகொடுத்து வாசிக்கும் தெம்பு அறைக்குள் செய்யும் சாதகத்தால் மட்டும் வராது.

இருவர் சேர்ந்து வாசிக்கும் இரட்டை நாயனமும் ஒரு கற்பித்தல் முறையே. காருக்குறிச்சி அருணாசலம் (1921–1964) குருவான ராஜரத்தினம் பிள்ளையோடு சேர்ந்து வாசித்தே அவருடைய பாணியை உள்வாங்கினார். ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999), தஞ்சைப் பாணியால் ஈர்க்கப்பட்டு நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். பிறகு திருவரங்கத்தில் குடியேறி, சாரதா நாதசுர சங்கீத ஆசிரமத்தை நிறுவிக் கற்பித்தார். அவருடைய சீடர்களான ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி மஹபூப் தம்பதியர் 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றனர். ஆண்களின் துறையாகக் கருதப்பட்ட இதில் மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் முன்னரே பெண்களுக்கு வழி திறந்திருந்தார்.

விழுப்புரம் வட்டாரம்

கோலியனூர், விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் இம்மரபுக்கு உறவான இன்னொரு கருவி முகவீணை. நாகசுரத்தின் சிறிய வடிவம் போன்ற இது தெருக்கூத்தில் ஒலிப்பது. இரவு முழுதும் நடக்கும் கூத்தில் பாடுபவரின் சுருதியைப் பின்பற்றி, அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்ப வேண்டியவர் முகவீணைக்காரர். கூத்துக் குழுவோடு திரிந்தே இதைக் கற்கின்றனர்.

விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. இத்தகைய பள்ளிகளில் 12 முதல் 25 வயதுக்குட்பட்டோர் நாகசுரத்தை மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பாகக் கற்கலாம். குரலிசை போன்ற பிரிவுகளுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்பட, நாகசுரத்துக்கும் தவிலுக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். குடும்ப மரபுக்கு வெளியே பிறந்தவருக்கும் கதவு திறந்தது இப்பள்ளிகளின் முதன்மையான பயன். பாடத்திட்டத்தால் வரிசைகளையும் கீர்த்தனைகளையும் கொடுக்க முடிகிறது. முன்பு ஒத்துக் குழலோடு குருவின் பக்கத்தில் நின்று பெற்ற கேள்வி ஞானத்தை இன்றைய மாணவர் கோயில் விழாக்களிலும் மூத்த கலைஞர்களின் மேளத்திலும் தாமே தேடிச் சேர்த்துக்கொள்கிறார்.