ஓடுதளத்துக்கு வெளியே: தில்லியின் சிறு விமானங்களும் மறைந்துவரும் வெற்று நிலமும்

2016 மே 24 அன்று பாட்னாவிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு தில்லிக்கு வந்த கிங் ஏர் சி-90 ரகச் சிறு விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் தரையிறங்குவதற்குச் சற்று முன்பு செயலிழந்தன. ஓடுதளத்தை எட்ட முடியாத நிலையில், விமானி அதை நஜஃப்கர் அருகேயுள்ள கைர் கிராமத்து வயலில் இறக்கினார். விமானம் சேதமடைந்தது. அதிலிருந்த ஏழு பேரும் உயிர் பிழைத்தனர்.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு ஒரு நாள் குறைவாக, 2011 மே 25 இரவில், அதே பாட்னாவிலிருந்து நோயாளியுடன் வந்த பிலாட்டஸ் பிசி-12 விமானம், மோசமான வானிலையில் கட்டுப்பாடிழந்து ஃபரீதாபாத்தின் குடியிருப்பு ஒன்றின் மீது விழுந்தது. விமானத்திலிருந்த ஏழு பேருடன் தரையிலிருந்த மூவரும் மாண்டனர். கட்டுப்பாடிழந்து விழுந்த விமானத்தின் பயணிகளை வெற்று நிலம் காப்பாற்றியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த மூவரின் மரணத்துக்கு, விமானம் விழுந்த இடத்தில் வீடுகள் இருந்ததே காரணம்.

தரையிறக்கம் ஓடுதளத்தில் முடிகிறது. தொடங்குவதோ அதற்கு வெகு தொலைவில். இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும் விமானம், இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும் எல்லையை நெருங்கிவிடுகிறது. அந்நேரத்தில் உயரமும் குறைவாதலால், பிழை நேர்ந்தால் மீள அவகாசம் இல்லை. எடை குறையக் குறையக் காற்றின் ஆதிக்கம் கூடும். பெரிய விமானத்தைச் சற்றே அசைக்கும் பக்கக்காற்று, மைக்ரோலைட் எனப்படும் மிக இலகு விமானத்தை ஓடுதளத்தின் நேர்கோட்டிலிருந்தே விலக்கிவிடும். எனினும் இலகு விமானத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. எஞ்சின் நின்றாலும், மெதுவாக இறங்கிச் சிறு நிலத்தில் நின்றுவிட அதனால் இயலும். அந்தச் சிறு நிலம் அருகில் இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

தில்லியில் அந்த நிபந்தனை தளர்ந்துகொண்டே வந்ததைச் சஃப்தர்ஜங் விமானத்தளத்தின் வரலாறு காட்டுகிறது. வில்லிங்டன் விமானத்தளம் என்ற பெயரில், சஃப்தர்ஜங் கல்லறைக்கு அருகே, நகரத்தின் ஓரத்தில் அது அமைந்தது. பெரிய விமானங்கள் பாலம் விமான நிலையத்துக்குச் சென்ற பின்னர், பறத்தல் கழகத்தின் சிறு விமானங்களே அங்கு எஞ்சின. அதற்குள் நகரம் அதன் நான்கு புறமும் சூழ்ந்துவிட்டது. 1980 ஜூன் 23 அன்று சஞ்சய் காந்தியும் கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் மாண்ட பிட்ஸ் விமானம் அங்கிருந்தே புறப்பட்டது. அது தரையிறங்கும் விபத்தன்று. சாகசப் பறத்தலில் நேர்ந்தது. ஆயினும் அது விழுந்த இடம் நகரத்தின் நடுவே இருந்தது. பின்னர் பாதுகாப்புக் காரணங்களால் அங்குச் சிறு விமானங்கள் பறப்பதும் நின்றது.

பாலம் நிலையத்தின் சுற்றுப்புறமும் இதே வழியில்தான் சென்றது. 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் விமானம் பாலத்தில் இறங்க முயலும்போது மின்கம்பிகளில் மோதி விழுந்தது. பயணித்த 65 பேரில் மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் உள்ளிட்ட 48 பேர் மாண்டனர். அக்காலத்தில் மேற்குத் தில்லியின் ஜனக்புரி உருவாகத் தொடங்கிய குடியிருப்பு. இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி வரை அமைந்து நிறைந்த பகுதி. அதற்குத் தெற்கே துவாரகா எழுந்தது. கட்டட வரிசை நஜஃப்கரை நோக்கி இன்னும் நகர்கிறது.

விமான நிலையங்களைச் சுற்றி எழும் கட்டடங்களின் உயரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஓடுதள முனையை அடுத்துக் குறுகிய பாதுகாப்புப் பரப்பும் வரையறுக்கப்பட்டுள்ளது. அதற்கப்பால், உயர வரம்புக்கு உட்பட்ட வீடுகள் நெருக்கமாக எழுவதை இவ்விதிகள் தடுப்பதில்லை. விமானியின் கண்ணாடிக்கு எதிரே தடை இல்லாதிருப்பதை உறுதிசெய்யும் சட்டம், அவர் காலடியில் ஒரு வயல் இருக்குமா என்று கேட்பதில்லை. கைர் கிராமத்து வயலை அன்று அங்கே வைத்திருந்தது எந்த விமானத்துறை விதியும் அன்று. அங்கு இன்னும் உழவு நடந்துகொண்டிருந்தது என்பதே. ஏழு உயிர்கள் பிழைத்ததில் அந்த உழவர்களின் பங்கு எந்தத் திட்ட வரைபடத்திலும் குறிக்கப்படவில்லை.