ஜோங்காவின் எஞ்சின், ஜிப்சியின் எடை

என் ஜிப்சியை முதன்முதலாக ஜாக்கி போட்டுத் தூக்கி அடியில் படுத்தபோது, பின் அச்சின் நடுவிலிருக்கும் உருண்டையில் வெள்ளை பெயிண்ட் கொஞ்சம் தெரிந்தது. கிரீசும் மண்ணும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க, கிரவுன் ஹவுசிங் முழுக்கவே வெள்ளை. அதற்கு மேலே சின்ன விளக்கு ஒன்றின் தகரக்கூடு, ஒயர் அறுந்து தொங்கியது. ராணுவ வண்டிகள் இரவில் வரிசையாகப் போகும்போது மற்ற விளக்குகளை அணைத்துவிடுவார்கள். முன்னால் போகும் வண்டிக்கு அடியில் எரியும் அந்தச் சின்ன வெளிச்சத்தில் தெரிகிற வெள்ளை உருண்டைதான் பின்னால் வருகிறவருக்கு வழி. மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எனக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர்கள் உடம்புக்கு மூன்று முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடியில் யாரும் கை வைக்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்கு மனதார நன்றி சொன்னேன்.

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பரிடம் ஜோங்கா இருக்கிறது. ஆறு வருஷமாக இந்த இரண்டு வண்டிகளையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம், கழற்றுகிறோம், பூட்டுகிறோம். "மிலிட்டரி ஏல வண்டி ஒன்று வாங்கணும், ஜோங்காவா ஜிப்சியா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முன்பெல்லாம் விலையையும் மைலேஜையும் சொல்லிவிட்டு விடுவேன். இப்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதைக் கழற்றி எறிந்தால் அந்த வண்டி அந்த வண்டியாக இருக்காது என்று உங்களுக்குத் தெரியுமா? ஜோங்காவுக்கு ஒரு விடை, ஜிப்சிக்கு வேறு விடை. இந்த ஒப்பீட்டை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஜோங்கா என்பதே ஓர் ஊரின் பெயரில் தொடங்கும் சுருக்கம். ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்ப்ளி என்பதன் முதலெழுத்துகளிலிருந்து எடுத்தார்கள். வடிவம் ஜப்பானுடையது, 1960-இல் வந்த நிசான் பேட்ரோல் 60 வரிசை. உரிமம் வாங்கி ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை நம் ராணுவத்துக்காகச் செய்தார்கள். அதே ஊரில்தான் சக்திமான் லாரியும் நிசான் ஒரு டன் வண்டியும் பிறந்தன. 106 மில்லிமீட்டர் ரீகாயில்லெஸ் பீரங்கியைச் சுமந்த ஜோங்காக்களும் உண்டு. கடைவீதியில் விற்பதற்கென்று யாரும் அதை வரையவில்லை. பிற்காலத்தில், 1996 வாக்கில், ஹினோ டீசல் எஞ்சின் வைத்துப் பொதுமக்களுக்கு விற்றுப் பார்த்தார்கள், பெரிதாகப் போகவில்லை.

ஜிப்சியின் கதை நேர் எதிர்த்திசையில் போகிறது. சுசுகியின் எஸ்.ஜே. 410 வண்டியை நீட்டி மாருதி 1985 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் 970 சிசி. டாக்டர்களும் எஸ்டேட் மேனேஜர்களும் போலீசும் வாங்கினார்கள். ராணுவத்தில் அது சேர்ந்தது 1991-இல். பிறகு 30,000-க்கும் மேல் சேர்ந்துவிட்டது. ஊரில் ஓடிக்கொண்டிருந்த பையன் பட்டாளத்தில் சேர்ந்தது போல. 2017-இல் ராணுவம் 3,192 டாடா சஃபாரி ஸ்டார்ம் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது; 2019-இல் பொதுச் சந்தைக்கான ஜிப்சி உற்பத்தியும் நின்றது. கண்டம் ஆன, அதாவது படையிலிருந்து கழிக்கப்பட்ட வண்டிகள் ஏலத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இப்போது ஓட்டிப் பார்ப்போம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இந்த இரண்டு வண்டிகளையும் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை.

ஜோங்காவைக் காலையில் கிளப்புவதே ஒரு வேலை. சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்து, சாவியைத் திருப்பினால் முதலில் ஒரு முனகல். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும். அப்புறம் ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். சோக்கைத் தள்ளியபின் வருகிற அந்த ஐடிலிங், தறிக்கூடத்துக்கு வெளியே நின்று கேட்பது போல மெதுவாக, ஒரே சீராக இருக்கும். 3,956 சிசி எஞ்சின். ஏறத்தாழ 110 குதிரைத்திறன். எண்ணைப் பார்த்தால் இன்றைய சாதாரணக் கார்கூட அதைத் தாண்டிவிடும். ஆனால் அந்த எஞ்சினுக்கு அவசரமே கிடையாது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ வரும்வரை நண்பர் கியரைத் தொட்டது இரண்டு மூன்று முறைதான். வளைவில் வண்டி ஏறக்குறைய நின்றுவிடும். காலைக் கொஞ்சம் அழுத்தினால் அடியிலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளுவது போல ஏறிவிடும். ஸ்டியரிங் திருப்ப இரண்டு கையும் தோளும் வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் எஞ்சினையே பிடித்துக்கொண்டு வரவேண்டும். அதற்கும் அந்த எஞ்சின் போதும்.

ஜிப்சியில் அதே பாதை வேறு பாதை. என்னுடையது 1,298 சிசி, கார்புரேட்டர் வைத்தது, 60 குதிரைத்திறன். கியரைப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், எஞ்சினைக் கத்தவிட வேண்டும். ஆனால் வண்டியின் எடை 1,000 கிலோவுக்குச் சற்றே கீழே. ஜோங்கா ஒரு தடவை பின்னால் வந்து திரும்புகிற வளைவில் ஜிப்சி ஆட்டுக்குட்டி மாதிரி திரும்பிவிடும். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். குழியில் இறங்கினால் பின்சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவர் தலை கூரையில் இடிக்கும். என் மனைவி ஒரே ஒரு தடவை பின்னால் உட்கார்ந்தாள். மழை பெய்த செம்மண் தடத்தில் லோ கியர் போட்டு விட்டால், ஜோங்கா தன் எடையாலேயே புதைகிற இடத்தில் ஜிப்சி மேலாக நடந்து போய்விடும். ரெய்டு டி இமாலயா போன்ற பந்தயங்களில் இந்தச் சின்ன வண்டி அத்தனை ஆண்டு கொடிகட்டியதற்கு எஞ்சின் காரணமில்லை. எடைதான்.

அதனால்தான் சொல்கிறேன்: ஜோங்காவின் உயிர் அந்தப் பெட்ரோல் எஞ்சினில் இருக்கிறது. ஜிப்சியின் உயிர் அதன் எடைக் குறைவில் இருக்கிறது. நம் ஊரில் இரண்டையும் வாங்குகிறவர்கள் முதலில் கைவைப்பது சரியாக இந்த இரண்டிலும்தான்.

ஜோங்கா லிட்டருக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து கிலோமீட்டர் தரும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போய்வர ஏறத்தாழ 130 கிலோமீட்டர்; நண்பரின் டேங்கிலிருந்து 30 லிட்டர் போய்விடும். ஜிப்சியில் 13 லிட்டர். இந்தக் கணக்கைப் பார்த்த உடனே பட்டறையில் சொல்வார்கள்: "ஏனுங்ணா, இந்த எஞ்சினத் தூக்கிப் போட்டுட்டு டீசல் வெச்சுக்குங்ணா. பாதிக்குப் பாதி மிச்சம்." அக்கறையாகத்தான் சொல்கிறார்கள். அப்படி டீசல் மாற்றிய இரண்டு ஜோங்காக்களை நான் ஓட்டியிருக்கிறேன். நடுங்குகிற டிராக்டருக்கு ஜோங்காவின் சட்டை போட்ட மாதிரி இருந்தது. தொழிற்சாலையே டீசல் வைத்ததே என்பார்கள்; அது முழு வண்டியையும் கணக்குப் போட்டுச் செய்தது. கிடைத்த எஞ்சினுக்கு ஏற்ப அடைப்பை வெட்டி உட்கார வைப்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சின் மாற்றினால் முறையான அனுமதியும் ஆர்.சி. புக்கில் பதிவும் வேண்டும். 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மாதம் ஒரு முறை வெளியே எடுக்கிற வண்டிக்கு மைலேஜ் பார்த்து எஞ்சினைக் கழற்றுவதை நான் எந்த வகையிலும் ஏற்கமாட்டேன். செலவு தாங்காது என்றால் ஜோங்காவை வாங்க வேண்டாம். தாங்குகிற யாராவது அதை அப்படியே வைத்திருக்கட்டும்.

ஜிப்சியில் எஞ்சின் மாற்றம் எனக்கு உறுத்துவதில்லை. 2000 வாக்கில் வந்த 80 குதிரைத்திறன் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினை அனுமதி வாங்கிப் பழைய ஜிப்சியில் வைத்தால், மாருதி எஸ்டீம் காரில் ஓடிய அதே குடும்பத்துப் பிள்ளை வந்ததாகவே எடுத்துக்கொள்வேன். உறுத்துவது மற்றதெல்லாம். முன்னால் இரண்டு ஆள் தூக்கவேண்டிய இரும்பு பம்பர், வின்ச், கூரைமேல் கேரியர், அதன்மேல் ஒரு ஸ்டெப்னி, பெரிய டயர். 200 கிலோ ஏறிவிடும். அப்புறம் "வண்டி இழுக்கலீங்க, பிரேக் பிடிக்கலீங்க" என்று வருவார்கள். நான் வாங்கியபோது என் வண்டியிலும் அப்படி ஒரு பம்பர் இருந்தது. கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று வண்டியின் முகமே மாறிப்போனது.

உதிரிபாகத்தில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. ஜிப்சிக்குக் கடையில் போய்ப் பெயரைச் சொன்னால் போதும். துருதான் பகை, தரைத் தகடு மெல்லியது, பின்சக்கர வளைவை ஒட்டி ஸ்க்ரூடிரைவர் வைத்தால் உள்ளே போய்விடும். வெட்டி எடுத்து நல்ல தகடு வைத்து வெல்டிங் பண்ணவேண்டும். பட்டி வைத்து மூடுகிற டிங்கரிடம் கொடுக்காதீர்கள்.

ஜோங்காவுக்குத் தகடு கெட்டி, பாகம் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி மாயாபுரியிலும் ஆள் வைத்துத் தேடினோம். நண்பரின் வண்டியில் தண்ணீர் பம்பின் உடல் வெடித்தபோது ஐந்து மாதம் வண்டி கொட்டகையில் நின்றது. கடைசியில் கோவையில் ஒரு சின்ன ஃபவுண்டரிக்காரர் உடைந்த துண்டுகளை ஒட்டவைத்து அளவெடுத்து, மரத்தில் அச்சு செய்து, வார்த்துக் கொடுத்தார். பம்பு செய்தே பழகிய ஊர் இது. லேத்தில் முகம் பிடித்து, ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஏற்றி, புஷ் அடித்துப் பொருத்தும்போது அவர் பையன் கேட்டான்: "இதே மாதிரி இன்னும் ரெண்டு ஊத்தி வெச்சுக்கலாமுங்களா?" ஊற்றி வைத்தோம். ஒன்று ஹைதராபாத்தில் இன்னொரு ஜோங்காவில் ஓடுகிறது.

பேப்பர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏலம் பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. இணையத்தளம் வழியாக நடக்கிறது. விடுவிப்புக் கடிதத்திலுள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு நேரில் ஒத்துப்பாருங்கள். எஞ்சின் எண்ணையும் பாருங்கள். ராணுவப் பட்டறையில் ஓவர்ஹால் பண்ணும்போது வேறு எஞ்சின் ஏறியிருக்கலாம். 2021-இல் வந்த விண்டேஜ் விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸ், உடல், எஞ்சின் மூன்றும் மாறாத வண்டிகளைத் தனி வரிசையில் பதிய இடம் தருகிறது. டீசல் ஏற்றிய ஜோங்கா அந்த வாசலில் நுழையவே முடியாது. ஆர்.சி. புக்கில் முதல் பதிவு ஆண்டு என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நிறத்தில் மட்டும் இரண்டு வண்டிக்கும் ஒரே சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டியைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டாம் உலகப்போர் ஜீப்பை மீட்டெடுப்பவர்கள் பச்சை அடித்து வெள்ளை நட்சத்திரமும் வரைந்துதான் வேலையை முடிக்கிறார்கள். நமக்கு அந்தக் கடைசிப் படி கிடையாது. இந்தச் சட்டம் எனக்குச் சரியென்றே படுகிறது. எல்லையோர ஊர்களில் பச்சை ஜிப்சிக்கு வழிவிட்டு நிற்கிறவர்கள் உள்ளே இருப்பது யாரென்று நம்பவேண்டும்.

என் வண்டியின் இடது மட்கார்டில் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தபோது மூன்று அடுக்குக்குக் கீழே பச்சை வந்தது. பச்சையின்மேல் ஸ்டென்சிலில் மேல்நோக்கிய அம்புக்குறி. பக்கத்தில் 98, அது படையில் சேர்ந்த ஆண்டு. அதற்குப் பிறகு வந்த எழுத்தும் எண்களும் பாதி அழிந்திருந்தன. படம் எடுத்து வைத்துக்கொண்டு, சாம்பல் நிறம் அடித்தேன். நண்பர் ஜோங்காவுக்கு மணல் நிறம் அடித்திருக்கிறார்.

போன மாதம் அந்த அடிவிளக்குக்குப் புது ஒயர் இழுத்து, ஐந்து வாட் பல்பு போட்டோம். ஹவுசிங்கில் உதிர்ந்த இடங்களில் மட்டும் வெள்ளை தொட்டு வைத்தேன். சாலையில் முயன்று பார்க்கிற விஷயமில்லை என்பதால், இரவு அவருடைய தோப்புக்குள் தென்னை வரிசைகளுக்கு நடுவில் இருக்கிற தடத்துக்கு வண்டிகளைக் கொண்டுபோனோம். நான் முன்னால் ஜிப்சியில், அவர் பின்னால் ஜோங்காவில். எல்லா விளக்கும் அணைத்து, ஆள் நடக்கிற வேகத்தில். எனக்குப் பின்னால் அந்த ஆறு சிலிண்டர் சத்தம் மட்டும் ஒரே தூரத்தில் வந்துகொண்டிருந்தது. தோப்பின் கடைசியில் நிறுத்தியதும் இறங்கி வந்து சொன்னார்: "முப்பதடிக்கு அந்தப்பக்கம் போனீங்கன்னா மறைஞ்சுருதுங்க. அதுக்குள்ளாற இருந்தா நிலா மாதிரித் தெரியுது."